எறையூரில் ஒரு ஹெரால்டு

எறையூர் என்றால் பெரம்பலூர்ப் பக்கத்தார்க்குச் சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும்தாம் நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்தில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை விலைபேச முனைந்த நமக்கு, சென்னையின் மறைந்துபோன தொழிலகம் ஒன்றின் வரலாற்றையும் படிக்க நேர்ந்தது. படித்திராவிட்டால் வண்டியை எங்கே தட்டிப் பார்ப்பது என்றே தெரிந்திராது.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1948இல் தொடங்கி, வண்டலூரை ஒட்டிய ஆலையில் 1961 முதல் ஹெரால்டைச் செய்துவந்தது. இங்கிலாந்தில் அது பிறந்த கதை சுவையானது. உடற்கூடு வழங்கிவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் கைக்குப் போயிற்று. முழுக்கூட்டை ஒரே வார்ப்பாகச் செய்துதர ஆளில்லாத நிலையில், தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு முடுக்கும் வண்டியாக ஹெரால்டை அமைத்தனர். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அழகின் அடியில் இருப்பது இந்த நெருக்கடிதான். ஆகவே பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், வண்டியைத் தூக்கி நிறுத்தி, சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் துரு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தகடு துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம். சட்டகம் போனால் வண்டியே போயிற்று.

உதிரிப்பாகங்களில்தான் வரலாறு நேரடியாகக் கையைக் கடிக்கிறது. இயந்திரப் பாகங்கள் பல ஸ்பிட்ஃபயர் போன்ற உறவுக்கார வண்டிகளுக்கும் பொதுவானவை. இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால் 1960களின் பிற்பகுதியில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. அதன் பின்கதவு நசுங்கியிருந்தால் கடல் கடந்து தேடிப் பயனில்லை. 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடரை வாங்கியவருக்கு இக்கவலை இல்லை என்பதைப் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறோம். வண்டலூர் ஆலையோ கெஸல், பிறகு 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவற்றோடு 1980களின் இறுதியில் ஓய்ந்துவிட்டது.

ஆவணமும் மாவட்ட வரலாற்றைப் பின்தொடர்கிறது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. எனவே எறையூர் வண்டியின் பழைய பதிவு திருச்சியில் இருக்கக்கூடும். பதிவுச் சான்றில் உள்ள சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் பொறித்தவையும் ஒத்துப்போகாவிட்டால் முன்பணம் கொடுக்கலாகாது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றுக்கு 2021 விதிகள் தனிப் பதிவு தருகின்றன. அப்படிப் பதிந்தபின் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சிக்கா, சந்தைக்குப் போய்வரவா என்பதை வாங்குமுன்னரே முடிவு செய்துகொள்வது நலம்.

இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். அதில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருவது. எறையூர்க்காரர்க்கு உவப்பான செய்தியாகலாம். ஹெரால்டின் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது. டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசவேண்டும்.