காணாத இடத்தைக் கண்ட வரலாறு: முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயும் காந்த ஒத்ததிர்வுப் படிமமும்

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். வைரம் பாய்ந்த அம்மரங்கள் வளர்ந்த வட்டாரத்தில் 1980களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன; 1989 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் வந்து சேர்ந்தது. அன்று முப்பது, நாற்பது வயதில் மனைவி மக்களோடு இங்குக் குடியேறிய ஆடவர் பலர் இன்று எழுபதை எட்டியும் கடந்தும் வாழ்கின்றனர். காப்பிக்கடை மேசையில் அவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவர். நீரிழிவைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசுவர். இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுவதைப் பற்றி மட்டும் பேசத் தயங்குவர். அவ்வாறு எழுவது பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண வீக்கத்தின் விளைவே. ஆயினும், அதே சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கக்கூடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்நோயைக் கண்டறிவதில் காந்த ஒத்ததிர்வுப் படிமம், அதாவது எம்ஆர்ஐ, எவ்வாறு இடம்பெற்றது என்பதை இவ்வுரையில் வரலாற்று முறையில் காண முற்படுகிறோம். மொழிக்கென அமைந்த ஒரு மன்றத்தில் மருத்துவத்தைப் பேசுவது ஏன் என்னும் வினா எழலாம். இவ்வரலாற்றில் பெயர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நம் விடை.

எண்ணத் தொடங்கிய காலம்

ஒரு நோயை எதிர்கொள்ள வேண்டுமாயின், அது எத்தனை பேரை வருத்துகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சிங்கப்பூரில் அப்பணிக்கு அடித்தளமிட்டவர் ஒரு தமிழர். நோய்க்குறியியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம் 1968இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தோற்றுவித்தார். நாடு முழுவதும் கண்டறியப்படும் புற்றுநோய்களைத் தொடர்ந்து பதிந்துவரும் அப்பதிவகத்தின் ஏடுகள் ஒரு மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. முற்காலத்தில் பட்டியலின் கீழே கிடந்த முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய், இன்று சிங்கப்பூர் ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றாகிவிட்டது. மக்களின் ஆயுள் நீண்டதும் சோதனைகள் பெருகியதும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும்.

குருட்டு ஊசியின் காலம்

1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இச்சுரப்பி மட்டுமே மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பிஎஸ்ஏ என்று நாம் இன்று அறிவது அதுவே. இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் சோதனை 1990களில் உலகெங்கும் பரவியது. ஆனால் அளவு உயர்ந்தால் புற்றுநோய்தான் என்று துணிய இயலாது; சாதாரண வீக்கமும் கிருமித்தொற்றும்கூட அதை உயர்த்தும். எனவே ஐயத்தைத் தீர்க்கத் திசுவை எடுத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று.

தெம்பனிசுக்கு ரயில் வந்த அதே 1989இல், மீயொலியின் துணையோடு சுரப்பியின் ஆறு பகுதிகளில் ஒழுங்காக ஊசியிட்டுத் திசு எடுக்கும் முறை ஆய்விதழில் வெளியாயிற்று. பின்னர் ஆறு, பத்தாகவும் பன்னிரண்டாகவும் பெருகியது. மீயொலி சுரப்பியின் எல்லையை நன்கு காட்டும். அதனுள் கட்டி எங்கே உள்ளது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. ஆகவே ஊசி சென்ற இடங்கள் கணக்கின்படி அமைந்தவை. கண்டு தேர்ந்தவை அல்ல. இருட்டறையில் பன்னிரண்டு இடங்களைத் தொட்டுப் பார்த்து, பொருள் இல்லை என்று சொல்வதை ஒத்தது அது.

இதனால் இருவகைத் தீங்கு விளைந்தது. கொடிய கட்டி ஊசிகளுக்கிடையே தப்பியது. மறுபுறம், ஒருவரின் வாழ்நாளில் அவரை ஒருபோதும் வருத்தாத சிறு கட்டிகள் தற்செயலாக ஊசியில் அகப்பட்டன. அவற்றுக்காக அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களுள் சிலர் சிறுநீரை அடக்கும் ஆற்றலை இழந்தனர். சிலர் இல்லற இன்பத்தை இழந்தனர்.

அஞ்சிய சொல்

இனி, காந்தத்தின் கதைக்கு வருவோம். வலிய காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் குறிப்பிட்ட வானொலி அலைகளை ஏற்று எதிரொலிக்கின்றன என்பதைத் திடநீர்மப் பொருள்களில் பிளாக், பர்செல் ஆகியோரின் குழுக்கள் 1946இல் தனித்தனியே நிறுவின; அவ்விருவரும் 1952இல் நோபெல் பரிசு பெற்றனர். நம் உடலின் பெரும்பகுதி நீர். அந்நீரிலுள்ள ஹைட்ரஜனின் கருக்களே எம்ஆர்ஐ கருவி கேட்கும் குரல்கள். பாயும் நீர்மத்தில் அக்குரல் எவ்வாறு மாறுகிறது என்பதை 1951இலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூர்யன் ஆராய்ந்தார் என்பது நம் நிலப்பகுதி பெருமைகொள்ளத்தக்க செய்தி.

1971இல் டமாடியன், எலிகளின் புற்றுத் திசுவும் நலமான திசுவும் வெவ்வேறு வகையில் எதிரொலிப்பதைக் காட்டினார். 1973இல் லாட்டர்பர் அவ்வொலிகளிலிருந்து உருவப்படம் ஆக்கும் வழியைக் கண்டார். மான்ஸ்ஃபீல்டு அதை விரைவாக்கும் கணக்கியலை வளர்த்தார். பின்னிருவருக்கும் 2003இல் நோபெல் பரிசு கிடைத்தது. டமாடியன் விடுபட்டது இன்றும் பேசப்படும் பூசல்.

இக்கருவி மருத்துவமனைக்குள் நுழைந்தபோது அதன் பெயரில் ‘அணுக்கரு’ என்னும் சொல் முன்னின்றது. அணுகுண்டை நினைவூட்டும் அச்சொல் நோயாளிகளை மருட்டும் என்றெண்ணி, 1980களில் மருத்துவர்கள் அதை உதிர்த்துவிட்டனர். எஞ்சியது காந்த ஒத்ததிர்வு. கருவியில் எதுவும் மாறவில்லை. ஊடுகதிர் போன்ற கதிர்வீச்சு அதில் முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மாறியது பெயர் மட்டுமே. ஆயினும் அம்மாற்றம் வேண்டியதாயிற்று.

வரிசை மாறியது

1980களிலேயே முன்னிற்குஞ்சுரப்பியை எம்ஆர்ஐயால் படமெடுத்தனர். அக்காலப் படங்கள் ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட புற்று எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறியவே பெரிதும் பயன்பட்டன. திசுவினுள் நீர் எவ்வளவு தாராளமாக அலைகிறது என்பதை அளக்கும் முறை பின்னர் இணைந்தபோதுதான் பெரும் தெளிவு பிறந்தது. புற்றுத் திசுவில் உயிரணுக்கள் நெருங்கி நிற்பதால் நீர் அங்கே தடைபடுகிறது. படத்தில் அவ்விடம் தனித்துத் தெரிகிறது. காண்பவருக்கேற்பக் கருத்து மாறாதிருக்க, ஐயத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடும் பொது அளவுகோல் 2012இல் வகுக்கப்பட்டது.

அடுத்த வினா எளியது: ஊசிக்குப் பின் படமா, படத்துக்குப் பின் ஊசியா? பிரிட்டனில் 576 ஆடவரிடம் நடந்த ‘ப்ராமிஸ்’ ஆய்வு 2017இல் வெளியானது. சுரப்பி முழுவதையும் நெருக்கமாக ஊசியிட்டு ஆராய்ந்த முடிவோடு ஒப்பிட்டபோது, கவலைக்குரிய புற்றுகளில் 93 விழுக்காட்டை எம்ஆர்ஐ சுட்டியது. பழைய மீயொலி ஊசிமுறை கண்டது 48 விழுக்காடு மட்டுமே.

மறு ஆண்டு ‘பிரிசிஷன்’ ஆய்வு வந்தது. 11 நாடுகளின் 25 மையங்களில் 500 ஆடவர் அதில் பங்கேற்றனர். ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் வீரு காசிவிசுவநாதன். அப்பெயரைக் காணும் தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று படிப்பர். முதலில் எம்ஆர்ஐ எடுத்து, ஐயமுள்ள இடத்தில் மட்டும் ஊசியிட்ட குழுவில் 38 விழுக்காட்டினருக்குக் கவலைக்குரிய புற்று கண்டறியப்பட்டது. வழக்கமான ஊசிமுறைக் குழுவில் 26 விழுக்காட்டினருக்கே. தீங்கற்ற சிறு புற்றுகளோ 22 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தன. எம்ஆர்ஐ குழுவில் 28 விழுக்காட்டினருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

இவ்வெண்களின் பொருளை நாம் நிதானித்து உணர வேண்டும். கருவியின் சிறப்பு அதிகப் புற்றுகளைக் கண்டதில் மட்டும் இல்லை. தேட வேண்டியதைத் தேடி, விட வேண்டியதை விட்டதில் உள்ளது.

சிங்கப்பூரும் இம்மாற்றத்தில் பங்கெடுத்தது. இங்குள்ள சிறுநீரியல் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் இணைந்து உருவாக்கிய ‘மோனாலிசா’ என்னும் இயந்திரக்கருவி, எம்ஆர்ஐ காட்டிய இடத்துக்கு ஊசியை வழிநடத்துகிறது.

எம்ஆர்ஐ குறையற்றதன்று. அது ஐயுறும் இடமெல்லாம் புற்றாக இருப்பதில்லை. அரிதாகச் சில புற்றுகள் அதற்கும் தப்பும். இறுதித் தீர்ப்பு இன்றும் திசுச் சோதனையுடையதே.

நாம் வைக்கும் பெயர்

கிரேக்க மொழியில் புரோஸ்டேட் என்பதற்கு ‘முன் நிற்பது’ என்று பொருள். சிறுநீர்ப்பையின் வாயிலில் நிற்பதால் வந்த பெயர். முன்னிற்குஞ்சுரப்பி என்னும் தமிழ்ச்சொல் அதை நேரே உணர்த்துகிறது. ஆண்மைச் சுரப்பி என்னும் வழக்கும் நம்மிடையே உண்டு. அவ்வழக்கைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், ‘உங்கள் ஆண்மைச் சுரப்பியில் ஐயம் உள்ளது’ என்று கேட்கும் முதியவர் எதைக் கேட்பார்? நோயைக் கேட்பாரா, தம் ஆண்மைக்கு வந்த இழுக்கைக் கேட்பாரா? மருத்துவர்கள் ‘அணுக்கரு’வை உதிர்த்தது போல, நாமும் நாணத்தை ஏற்றும் சொல்லை விடுத்து, இடத்தை மட்டும் சுட்டும் சொல்லைக் கைக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு கூடுகிறது. தந்தை நாணி மறைத்த நோய், மகனுடைய மருத்துவர் அறிய வேண்டிய செய்தியாகும். சீமெய் பகுதியில் சாங்கிப் பொது மருத்துவமனை அமைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தெம்பனிஸ் வீடுகளிலிருந்து அதற்குத் தொலைவு மிகக் குறைவு. ஆனால் அங்கே கருவியுள் படுக்கும் முன், வீட்டுக் கூடத்தில் ஒருவர் வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய சொல் தமிழில் உண்டு. அதை அப்பாவிடமும் அண்ணனிடமும் கூச்சமின்றிச் சொல்லிப் பழகுவோமாக.