பேசக்கூடாது என்று சொன்ன தொழில்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு ஃபார்ம்.டி மாணவி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "காலேஜ்ல ஸ்டூடண்ட் அசோசியேஷன், போட்டி, கேம்ப்புன்னு அலையறோமே, நாளைக்கு வார்டுல நிக்கும்போது அதெல்லாம் உதவுமா? இல்ல, வெறும் சர்ட்டிஃபிகேட்தானா அண்ணா?" நான் கோட் எழுதுற ஆள், மருந்து எனக்குத் தெரியாது. ஆனா வரலாறு தோண்டப் பிடிக்கும். தோண்டினா, கிளினிக்கல் ஃபார்மசி பொறந்த அமெரிக்காவுலயே இதுக்கு நல்ல பதில் கிடைச்சது.

1952-ல அமெரிக்க ஃபார்மசிஸ்ட்கள் சங்கம் ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதுல ஒரு விதி: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்ன செய்யும், அதுல என்ன இருக்குன்னு நோயாளிகிட்ட ஃபார்மசிஸ்ட் பேசக்கூடாது. இதைப் படிச்சதும் நான் ரெண்டாவது தடவை படிச்சேன். பேசறது தப்பு! டாக்டரைப் போய்க் கேளுங்கன்னு அனுப்பிடணும். 1969-ல நெறிமுறையை மாத்தி எழுதினப்போதான் இந்த விதி போச்சு.

அதுக்குள்ள சில பேர் அந்த விதியை மதிக்காம நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. வர்ஜீனியாவுல பெரிவில்னு ஒரு சின்ன ஊர். அங்க யூஜின் வைட் 1960-ல தன் கடையை ஒரு ஆலோசனை அறை மாதிரி மாத்தி, ஒவ்வொரு குடும்பமும் என்னென்ன மருந்து சாப்பிடுதுன்னு கார்டுல எழுதி வச்சார். 1966-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில, வார்டுக்குப் பக்கத்துலயே ஃபார்மசியைத் திறந்தாங்க. ஃபார்மசிஸ்ட் அடித்தளத்துல மாத்திரை எண்ணாம டாக்டர், நர்ஸ் கூடவே நின்னார். கிளினிக்கல் ஃபார்மசியோட தொடக்கம்னு இன்னைக்கும் இந்த 'ஒன்பதாவது மாடி'யைத்தான் சொல்றாங்க.

சரி, விதி போயிடுச்சு, வார்டுக் கதவும் திறந்தாச்சு. ஆனா பேச யார் கத்துக் கொடுப்பா? பாடத்திட்டம் பெரும்பாலும் வேதியியலும் தயாரிப்பும்தான். அமெரிக்காவோட முதல் ஃபார்ம்.டி 1950-லயே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல வந்துடுச்சு. ஆனா எல்லாக் கல்லூரிக்கும் அதுதான் ஒரே அடிப்படைப் பட்டம்னு ஆக 2000 தாண்ட வேண்டியிருந்தது. நடுவுல இருந்த இடைவெளியில நிறைய வேலையை மாணவர் அமைப்புகள் பார்த்தாங்கன்றது என் கணிப்பு.

உதாரணத்துக்கு, அந்தச் சங்கத்தோட மாணவர் பிரிவு நடத்துற நோயாளி ஆலோசனைப் போட்டி. மாணவர் கையில ஒரு மருந்து, எதிர்ல நோயாளியா நடிக்கிற ஒருத்தர். அவர் அவசரத்துல இருப்பார், இல்ல கடுப்புல இருப்பார், கேட்காம எதையும் சொல்ல மாட்டார். 1952-ல எது தப்போ, அதுக்கே இப்போ மார்க்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு: மருத்துவமனை ஃபார்மசிஸ்ட்கள் சங்கம் 1996-ல ஆரம்பிச்ச கிளினிக்கல் திறன் போட்டி. ரெண்டு பேர் கொண்ட அணி. ஒரு நோயாளியோட முழு ரெக்கார்டும் கொடுப்பாங்க, ரெண்டு மணி நேரத்துல சிகிச்சைத் திட்டம் எழுதணும். எங்க ஆபீஸ்ல ராத்திரி சர்வர் விழுந்தா லாக் ஃபைலைப் பார்த்து எது முதல்ல, எது நாளைக்குன்னு பிரிப்போமே, அதே கதைதான். நோயாளி வார்ஃபரின் சாப்பிடறார், புதுசா மெட்ரோனிடசோல் எழுதியிருக்காங்கன்னு வைங்க. ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு அபாயம் கூடும். கொலஸ்ட்ரால் நாளைக்குப் பார்த்துக்கலாம், இதை இப்பவே பிடிக்கணும். எங்க தப்புல ஒரு ஆப் நிக்கும். அங்க தப்பினா ஒரு ஆள்.

கேம்ப் பக்கமும் கதை இருக்கு. கருப்பின ஃபார்மசி மாணவர்களுக்காக 1972-ல தனி தேசிய அமைப்பு வந்தது. மருத்துவ வசதி குறைஞ்ச பகுதிகளுக்குச் சேவை செய்யறது அதோட முக்கிய நோக்கம். 1997-ல முன்னாடி சொன்ன மாணவர் பிரிவு 'ஆபரேஷன் இம்யூனைசேஷன்' ஆரம்பிச்சது. தடுப்பூசி பத்திப் பேசறது, முகாம் நடத்தறதுன்னு கிளம்பினாங்க. அப்போ பல மாநிலங்கள்ல ஃபார்மசிஸ்ட் ஊசி போடவே சட்டத்துல இடம் இல்ல. 2009-க்குள்ள 50 மாநிலத்துலயும் இடம் வந்துடுச்சு. மாணவர்களாலதான் சட்டம் மாறுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சட்டம் மாறினப்போ ஊசி போடத் தெரிஞ்ச ஒரு தலைமுறை தயாரா இருந்தது.

நம்ம பக்கம் வந்தா, 1990-களின் பிற்பகுதியில மைசூர், ஊட்டி ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள்ல வார்டுப் பயிற்சியோட முதுநிலைப் படிப்பு வந்தது. ஃபார்ம்.டி 2008-ல. அஞ்சு வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். அதனால தங்கச்சி, சர்ட்டிஃபிகேட்டுக்காக மட்டும் போற போட்டியை விட்டுடு. முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட அவரோட மருந்தைப் பத்திப் பேச வைக்கிற போட்டி எதுன்னு பார்த்து, அதுக்குப் பேர் கொடு.

2020-ல கொரோனா தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடியே, பயிற்சி பெற்ற ஃபார்மசி இன்டர்ன்களும் மேற்பார்வையோட ஊசி போடலாம்னு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துடுச்சு. இன்டர்ன்னா அங்க பெரும்பாலும் இன்னும் காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருக்கிற பசங்கதான்.