மார்க் போட்டு மனுசரை அளந்த ஊர்

புறநகரில் வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரம்மா அட்வான்சை வாங்கிக்கொண்டார். ஊர், தெரு எல்லாம் விசாரித்த பிறகு, "தம்பி, எங்க சொந்தக்காரங்களே வர்றாங்கப்பா" என்று திருப்பித் தந்துவிட்டார். நம்மிடம் வாயால் கேட்பதை அமெரிக்காவில், டெட்ராய்டை ஒட்டிய கிராஸ் பாயின்ட் என்ற பணக்காரப் புறநகரில், தாளில் எழுதி மார்க் போட்டே செய்தார்கள்.

கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாதென்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெட்ராய்ட் கறுப்பர் குடும்பமொன்றின் வழக்கும் அதில் அடக்கம். ஆனாலும் கதவு திறக்கலை. வீடு வாங்க வருபவரைத் தரகர்கள் துப்பறிவாளர் வைத்து விசாரித்தார்கள். நிறம், பேச்சு, பெயர், உடுப்பு, எல்லாத்துக்கும் மார்க். பொதுவில் 50 போதும். போலந்துக்காரருக்கு 55, தென் ஐரோப்பியருக்கு 65, யூதருக்கு 85. கறுப்பருக்கும் ஆசியருக்கும் பரீட்சையே கிடையாது. 1960இல்தான் இது அம்பலமானது.

1968 மார்ச் 14 அன்று அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். பேசவிடாமல் கூச்சல் போட்டார்கள். ஏப்ரல் 4 அன்று மெம்பிசில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் ஏப்ரல் 11இல்தான் கையெழுத்தானது.

படித்துச் சம்பாதித்தால் சாதி தானாப் போயிடும் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வீடு வாங்கப் போன யூதரிடம் பணம் இருந்தது. என்னிடமும் அட்வான்ஸ் இருந்தது.