குடத்தைக் கேட்டு நட்டவர்

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா 120 எலுமிச்சை மரம் வைத்திருந்தார். சொட்டுநீர்க் குழாய் போட்ட வருஷம் கிணற்றில் தண்ணி மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்ததும் இன்னும் 80 கன்று நட்டார். பிறகு இரண்டு மழை தொடர்ந்து பொய்த்தது. எந்த மரத்தைக் காப்பாற்ற, எதை விட என்று வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் 90 மரங்களுக்குக் குழாயை அடைத்தோம். அடைத்தது நான்தான்.

அதற்கப்புறம்தான் ஃபான் ஷெங்ஜியைப் படித்தேன். கி.மு. முதல் நூற்றாண்டு, சீனத்தில் ஹான் பேரரசு. மழை குறைந்த வடமேற்குப் பகுதியில் வேளாண்மை கற்றுக்கொடுத்தவர். அவர் எழுதிய நூல் முழுசாக நம்மிடம் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே தன்னுடைய வேளாண் நூலில் எடுத்தெழுதிய பகுதிகள்தான் பெரும்பாலும் மிச்சம். அதில் முலாம்பழம் மாதிரியான கொடிப்பழத்துக்கு ஒரு முறை வருகிறது.

குழி வெட்டி, எரு போட்டு, நடுவில் மண்குடத்தைப் புதைக்க வேண்டும். குடத்தின் வாய் தரைமட்டத்தில் இருக்கும். கொள்ளளவு நம் கணக்கில் 6 லிட்டர் சொச்சம். நான்கு பக்கமும் நான்கு விதை. வாயை ஓட்டால் மூடி, தண்ணி குறையக் குறைய நிரப்ப வேண்டும். அவ்வளவுதான். சுட்ட மண் தண்ணியைக் கசியவிடும். சுற்றி மண் காய்ந்தால் கசிவு கூடும், நனைந்தால் குறையும். வெயில் குடிக்க மேலே ஒன்றும் கிடையாது.

நம்மூரிலும் கன்றுக்குப் பக்கத்தில் பானை புதைப்பவர்கள் உண்டு. ஆகவே குடம் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் போட்ட கணக்குதான் ஆச்சரியம். ஒரு 'மு' நிலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 11 சென்டுக்கு, 24 குழி. 24 குடத்தையும் ஒருமுறை நிரப்ப 150 லிட்டருக்குள் அடங்கும். நடுவதற்கு முன்பே எத்தனை குடம், எத்தனை கொடி என்று தெரிந்துவிடுகிறது. குடத்தைச் சுற்றி வெங்காய இனச் செடி பத்து. பழம் முற்றும்போது அதைப் பிடுங்கி விற்றுவிடலாம், கொடியோடு போட்டி போடாது. இடையில் ஒரு வகைப் பயறு, அதன் இலைக்கும் விலை உண்டு. ஒரே ஈரத்தில் மூன்று வரும்படி.

1965இல் இஸ்ரேலின் ஹாட்செரிம் கிப்புட்ஸில் சொட்டுநீர்க் குழாய் நிறுவனம் தொடங்கியது. அந்தக் குழாய் மண்குடத்தைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது. குறை குழாயில் இல்லை. குடத்துக்கு அளவு உண்டு, அது கண்ணுக்குத் தெரியும். குழாயைப் பார்த்தால் கிணற்றின் அளவு தெரியாது. மிச்சம் பிடித்த தண்ணியை நாங்கள் மிச்சமாக வைக்கவில்லை, மரமாக்கிவிட்டோம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிணத்தக் கேக்காம நட்டுட்டேம்ல" என்றார்.

இப்போது 110 மரம் நிற்கிறது. போன ஐப்பசியில் நல்ல மழை, கிணறு நிறைந்தது. நர்சரிக்காரர் கன்று வேண்டுமா என்று போன் போட்டார். அப்பா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்றார்.