ஆயா கையில் புள்ளையைக் கொடுக்கலாமா?

மாசி மகத்துக்கு நாலு நாள் முன்னாடி சென்னையிலிருந்து மகனும் மருமகளும் பேத்தியோட வந்தாங்க. பேத்திக்கு அப்போ மூணு மாசம் முடியலை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு வேண்டுதல். அப்படியே மாசி மகத்தன்னிக்கு விருத்தாசலம் தேரடிக்கும் போயிட்டு வந்துடலாம்னு மகனோட திட்டம்.

கார் வாசல்ல நின்னதும் என் அம்மா திண்ணையிலிருந்து எழுந்து ரெண்டு கையையும் நீட்டிட்டாங்க. மாட்டுக்குத் தீனி வச்சுட்டு அப்படியே வந்து உக்காந்த கை. மருமக புள்ளையை மார்போட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, "ஆயா, ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லி, பையிலிருந்து சின்ன சானிடைசர் பாட்டிலை எடுத்து அம்மா உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டது. அம்மா அதை மோந்து பார்த்தாங்க. முந்தானையில் துடைச்சுக்கிட்டு திரும்பவும் திண்ணையில் உக்காந்துட்டாங்க. அன்னிக்கு முழுக்க புள்ளையைக் கேட்கவே இல்லை.

மருமகளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. கொரோனா காலத்தைப் பார்த்து வந்த பொண்ணு. பஸ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வரிசைன்னு எங்கே போனாலும் கிருமி இருக்குன்னு படிச்சு வளர்ந்த தலைமுறை. ஆனா எண்பது வயசு மனுஷி முகம் வாடினதையும் பார்க்க முடியலை. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் அம்மாகிட்ட போய் சமாதானமா சொன்னேன். "அந்தக் காலத்துல நீங்க ஒண்ணுமே பார்க்காம வளர்த்தீங்க. இவங்க எல்லாத்தையும் பார்க்குறாங்க. விடும்மா."

அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "ஒண்ணும் பார்க்கலன்னு உனக்கு யாருடா சொன்னது?"

அப்புறம் அவங்க சொன்னதைக் கேட்டா, மருமக வச்சிருக்கிற சட்டமெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோணுச்சு. புள்ளை பெத்த வீட்டு வாசல்ல வேப்பிலை செருகிடுவாங்களாம். அதைப் பார்த்தா வெளியாள் உள்ளே வரக்கூடாது. வயலுக்குப் போன ஆம்பளையா இருந்தாலும் கை கால் கழுவி, வாசல்ல கொஞ்ச நேரம் நின்னு சூடு ஆறினப்புறம்தான் உள்ளே வரணும். துக்க வீட்டுக்குப் போனவங்க, தூர தேசம் போயிட்டு வந்தவங்க, தலை முழுகாம புள்ளையைத் தொடக்கூடாது. முப்பது நாள் வரைக்கும் தாயும் புள்ளையும் ஒரே அறை. வெளியே கிளம்பினா மூணாம் மாசத்துக்கு மேலதான், அதுவும் கோயிலுக்கு.

கிருமின்னு ஒரு வார்த்தை அவங்களுக்குத் தெரியாது. தீட்டு, காத்து கருப்பு, கண்ணேறு, இதுதான் காரணம். காரணம் எதுவானாலும், பச்சப்புள்ளைகிட்ட கூட்டம் சேரவிடாம இருந்திருக்காங்க. அப்படிப் பொத்திப் பொத்தி வச்சும் அம்மா பெத்த ஏழுல நாலுதான் தங்கினோம்.

எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பிறந்து எட்டாம் நாள் இறந்துபோனான். ஆறாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கலையாம். தாடை இறுகிப் போச்சு. தொட்டாலே உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சுதாம். மூணாம் நாள் எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க புள்ளையைப் பார்க்க வந்திருக்காங்க. அவங்களுக்குப் புள்ளை இல்லை. அவங்க கண்ணுதான் பட்டுப்போச்சுன்னு என் பாட்டி முடிவு கட்டிட்டாங்க. அதோட அந்த வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. நான் சின்னப் பையனா இருக்கும்போது அந்தம்மா தெருவில் வந்தா என்னை உள்ளே இழுத்துப்பாங்க. ஏன்னு எனக்கு அப்போ தெரியாது.

அந்த நோய்க்குப் பேர் டெட்டனஸ். அதோட கிருமி மண்ணுலயும் மாட்டுச் சாணத்துலயும் வித்து மாதிரி வருஷக்கணக்கா கிடக்கும். அது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தொத்துற நோயே இல்லை. பார்க்க வந்தவங்க கண்ணாலயும் வராது, மூச்சாலயும் வராது. தொப்புள்கொடி அறுத்த ஆயுதத்தாலயும், அறுத்த இடத்தில் பூசினதாலயும்தான் உள்ளே போகும். எங்க வீட்டில் அறுத்தது கதிர் அறுக்கிற கருக்கரிவாளால். மேலே பூசினது எருமுட்டைச் சாம்பலும் விளக்கெண்ணெயும். மருத்துவச்சி நல்ல மனுஷி. ஊரில் பாதிப் பேரை வெளியே எடுத்த கை அது. வாசல்ல வேப்பிலை கட்டி மனுஷங்களைத் தடுத்தாச்சு. கிருமி அரிவாளோட உள்ளேயே இருந்தது.

இது எங்க ஊர் அறியாமைன்னு நினைச்சுடாதீங்க. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1847இல் செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிண அறுவை செஞ்ச கையோட வந்து பிரசவம் பார்க்கிறதாலதான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு சாகுறாங்கன்னு கண்டுபிடிச்சார். குளோரின் கலந்த தண்ணியில் கை கழுவ வச்சார், சாவு சட்டுன்னு குறைஞ்சது. ஆனாலும் கூட இருந்த படிச்ச டாக்டர்களே ரொம்ப நாள் ஒத்துக்கலை. தன் கையால உயிர் போச்சுன்னு நம்ப யாருக்கு மனசு வரும்?

நம்ம நாட்டில் ஒரு காலத்தில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் பச்சைக்குழந்தைகளுக்கு இந்த நோய் வந்திருக்கு. கர்ப்பமா இருக்கிற பொம்பளைக்கு ஊசி போட்டா வயித்தில் இருக்கிற புள்ளைக்கும் காப்பு போகும். அந்த ஊசியும், சுத்தமான பிளேடும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்து, 2015இல் இந்தியா முழுக்க இந்த நோய் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்ததா உலக சுகாதார நிறுவனம் சொன்னது. என் சம்சாரம் முதல் புள்ளை உண்டாகியிருந்தப்ப, ஊசி போட வந்த கிராம சுகாதார நர்ஸ்தான் திண்ணையில் உக்காந்து அம்மாகிட்ட இதை விளக்கிச் சொன்னது. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அப்ப எதிர்வீட்டுக்காரி மேல தப்பு இல்லையா?"

எதிர்வீட்டு அம்மா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க.

அதுக்காக மனுஷங்க மூலமா எதுவுமே வராதுன்னு சொல்ல வரலை. அம்மை அப்படித்தான் வந்தது. எங்க பக்கம் பெரியம்மையை நோய்னு சொல்ல மாட்டாங்க, ஆத்தா வந்திருக்கான்னுதான் சொல்வாங்க. அங்கேயும் வாசல்ல வேப்பிலை, வெளியாள் வரக்கூடாது. அது நிஜமாவே கொஞ்சம் காப்பாத்தியிருக்கும், ஏன்னா பெரியம்மை ஆளுக்கு ஆள் தாவுற நோய். ஆனா அதை ஒழிச்சது வேப்பிலை இல்லை, அம்மை குத்துறது.

1802ஆம் வருஷம் ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் அன்னா டஸ்தால்னு ஒரு மூணு வயசுப் பெண் குழந்தைக்குத்தான் இந்தியாவில் முதல் முதலா அந்த அம்மைப்பால் பலிச்சது. ஐஸ் பெட்டி ஏது அப்போ? ஒரு புள்ளை கையில் எழும்பின கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த புள்ளை கையில் வைப்பாங்க. எட்டு நாள் கழிச்சு அந்தப் புள்ளையிலிருந்து இன்னொரு புள்ளைக்கு. இப்படிக் கைக்குக் கை மாறித்தான் அது அதே வருஷம் மதராசுக்கும் வந்து சேர்ந்தது. யோசிச்சுப் பாருங்க, முன்பின் தெரியாத புள்ளையோட புண்ணு நீரைத் தன் புள்ளை உடம்பில் ஏத்த எந்தத் தாய் சம்மதிப்பா? அப்புறம்தான் கன்றுக்குட்டி உடம்பிலிருந்து எடுக்கிற முறை வந்தது. சென்னை கிண்டியில் இருக்கிற கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் அந்த அம்மைப்பால் வேலைக்குத்தான் ஆரம்பிச்சது. கிங்னா ராஜா இல்லை, அந்த வேலையைப் பண்ணின அதிகாரியோட பேர்.

அம்மை குத்துறவர் ஊருக்குள் வர்றார்னு தெரிஞ்சா தாய்மார்கள் புள்ளையைத் தூக்கிட்டு கம்பங்கொல்லைக்குள் ஒளிஞ்சுக்குவாங்களாம். என் பெரியம்மா தன் பையனைக் காலிக் குதிருக்குள் இறக்கி மூடி போட்டாங்கன்னு அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குக் குத்தின தழும்பு இடது தோளில் இன்னும் வட்டமா இருக்கு. என் மகனுக்கு அது இல்லை, தேவைப்படலை. இந்தியாவில் கடைசியாப் பெரியம்மை கண்டது 1975 மே மாசம், அஸ்ஸாமில். 1980இல் உலகத்திலேயே ஒழிஞ்சாச்சுன்னு அறிவிச்சாங்க.

திருவிழாக் கூட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. தேர், திருவிழான்னா அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு முதல் பயம் காலரா. 1939இல் வந்த மதராஸ் பொது சுகாதாரச் சட்டத்தில் திருவிழா, சந்தைகளுக்குன்னே தனிப் பகுதி வச்சாங்க. மணிமுத்தாத்தில் மாசி மகத்துக்கு முழுகின கூட்டம் அதே ஆத்து ஊத்துத் தண்ணியைத்தான் குடிச்சிருக்கும். காலராவைக் கொண்டுவந்தது பக்கத்தில் நிக்கிற ஆள் விட்ட மூச்சு இல்லை, குடிச்ச தண்ணி.

இப்போ கணக்கைப் பாருங்க. 1971இல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தா ஒரு வயசுக்குள் 113 இறந்தது. 2020இல் அது 13. அந்த நூறு புள்ளைங்களைக் காப்பாத்தினது கை சுத்தம், நல்ல தண்ணி, தடுப்பூசி, தாய்ப்பால், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. வீட்டுக்குள் பூட்டி வைக்கிறதை எங்க பாட்டிமார்கள் ஏற்கெனவே செஞ்சு பார்த்துட்டாங்க.

மகன் மறுநாள் ஒண்ணு சொன்னான். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாயக் கூட்டமாம். ரெண்டு பேருக்கும் பூர்வீகம், சாப்பாடு, பழக்கம் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆமிஷ்காரங்க வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை, கையாலேயே வேலை. ஹட்டரைட்காரங்க பெரிய பண்ணை, எல்லாம் மெஷின், புள்ளைங்க கொட்டகைப் பக்கம் வர்றது குறைவு. 2016இல் வந்த ஆராய்ச்சியில் ஆமிஷ் புள்ளைங்கள்ல நூத்துக்கு 5 பேருக்குத்தான் ஆஸ்துமா, மத்தவங்கள்ல 21 பேருக்கு. "பாருங்க, மாட்டுத் தூசி நல்லதுதானாம்"னு அவன் பொண்டாட்டியைக் கிண்டல் பண்ணினான். நான் அவனை அடக்கினேன். கொட்டகைக் காத்தைச் சுவாசிச்சு வளர்றது வேற, சாணியைத் தொப்புள்ல பூசுறது வேற. எங்க அண்ணனும் மாட்டுக் கொட்டகையை ஒட்டின வீட்டில்தான் பிறந்தான்.

என்னைக் கேட்டா, மருமக பயம் பாதி சரி. மூணு மாசம் வரைக்கும் உண்மையிலேயே ஜாக்கிரதையா இருக்கணும். அந்த வயசில் காய்ச்சல் வந்தா கை வைத்தியம் பார்க்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும். சளி, இருமல் உள்ளவங்க, உதட்டில் கொப்புளம் உள்ளவங்க புள்ளையைக் கொஞ்சவே கூடாது, அது பெத்த தாத்தாவா இருந்தாலும். தட்டம்மை ஒருத்தர்கிட்டேருந்து பன்னெண்டு பதினெட்டு பேருக்குப் பரவுமாம், அதுக்கு ஊசி ஒம்பதாம் மாசம்தான். 2022இல் பம்பாயில் அது புள்ளைங்களைப் படுத்தின பாட்டைப் பேப்பரில் படிச்சிருப்பீங்க. எங்க ஊரில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒரு புதன் தவறினா ஆயிரம் பாட்டில் சானிடைசர் ஈடு கட்டாது.

ஆனா பஸ் சீட்டைத் தொட்டுட்டா, தெருவில் காத்து பட்டுட்டா, பக்கத்து வீட்டுப் புள்ளை விரலைப் பிடிச்சுட்டான்னு பதற வேண்டியதில்லை. பதற வேண்டியதெல்லாம் வீட்டுக்குள் பாசத்தோட வருது. பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கிற சேனைத் தண்ணி, தேன், குளிக்க வச்சு மூக்கில் வாயால ஊதுறது, தொக்கம் எடுக்கிறேன்னு தொண்டைக்குள் விரலை விடுறது. இதை எல்லாம் செய்யறது வெளியாள் இல்லை. ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாதுன்னு டாக்டருங்க எல்லாருமே சொல்றாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்.

காலையில் எழுந்து பார்த்தா அம்மா போர் தண்ணியில் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. நானா எதுவும் கேட்கலை. ஈரக்கையைக் காத்தில் உலர்த்திட்டு மருமக முன்னாடி போய் நின்னாங்க. மருமக ஒண்ணும் பேசாம புள்ளையை மடியில் வச்சது. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் என்னமோ பேசிக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம்தான் வேடிக்கை. மாசி மகத்துக்குக் கிளம்பலாம்னு மகன் ஆரம்பிச்சதும், "மூணு மாசம் முடியாத புள்ளையைத் தேர்க் கூட்டத்துலயாடா கொண்டு போவாங்க?"ன்னு அம்மா அதட்டினாங்க. மருமகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொளஞ்சியப்பரை மட்டும் கூட்டம் இல்லாத விடியக்காலையில் பார்த்துட்டு வந்தோம்.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மறுபடியும் சிக்கல். தெருவில் கழுதையை ஓட்டிக்கிட்டு பால்காரர் வந்துட்டார். எங்க பக்கம் இன்னும் இது உண்டு. அங்கேயே கறந்து சங்கில் ஊத்திக் கொடுப்பார். புள்ளைக்கு நோய் நொடி வராதுன்னு அம்மா ஒரு சங்கு வாங்கிடணும்னு நிக்கிறாங்க. மருமக முடியவே முடியாதுன்னுடுச்சு. காய்ச்சாத பால், கழுவாத சங்கு, நானும் வேண்டாம்னுதான் சொன்னேன். அம்மா இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை.

"உனக்கு ஊத்தினதுதானேடா? நீ என்ன செத்தா போயிட்ட?"