1918: பள்ளிக்கூடத்தை மூடாத நகரம்

கொள்ளை நோய் வந்தால் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும். 2020க்குப் பிறகு இது நம் எல்லோருக்கும் மனப்பாடம். சின்னப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் நோய் பரவும், வீட்டில் இருந்தால் பரவாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நகரம் இதற்கு நேர் எதிராக யோசித்தது. "பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் வீடு இல்லை, பள்ளிக்கூடம்தான்" என்று முடிவு செய்தது. அந்த நகரம் நியூயார்க். ஏன் அப்படி முடிவு செய்தார்கள், அதற்கான தைரியம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அந்த இலையுதிர் காலம்

1918இல் முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் உலகத்தையே சுற்றி வந்தது. 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பெயர் வந்துவிட்டாலும் அது ஸ்பெயினில் தொடங்கியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களில் பிணங்களைப் புதைக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. தியேட்டர், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பாடங்களைத் தபாலில் அனுப்பினார்கள். (ஆன்லைன் வகுப்புக்குத் தாத்தா என்று இதைச் சொல்லலாம்!)

பெரிய நகரங்களில் மூன்று மட்டும் பள்ளிகளை மூடவில்லை: நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன்.

நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட். ஹோமியோபதி மருத்துவர், கண் மருத்துவர், பின்னாளில் செனட்டர் ஆனவர். அவருக்குக் கீழே குழந்தைகள் நலப் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜோசஃபின் பேக்கர் என்ற பெண்மணி. 'டைஃபாய்டு மேரி' கதை கேள்விப்பட்டவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 1907இல் மேரியைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் இவர்தான். பள்ளிகளைத் திறந்தே வைக்கலாம் என்று ஆணையரிடம் வாதாடியவரும் இவரே.

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. நகரத்தில் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் டெனமென்ட் என்று அழைக்கப்பட்ட அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். வெளிச்சமும் காற்றும் வராத அறைகள், ஒரே அறையில் ஐந்தாறு பேர், பெரும்பாலும் புதிதாக வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள். பள்ளியை மூடினால் பிள்ளைகள் அந்த அறையில் அடைந்து கிடப்பார்கள், இல்லையென்றால் தெருவில் கும்பலாகத் திரிவார்கள். இரண்டு இடத்திலும் அவர்களைக் கவனிக்க யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய ஜன்னல்கள் இருந்தன. அதைவிட முக்கியமாக, தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஒரு ஆசிரியர் இருந்தார்.

பள்ளி எப்படி நடந்தது?

வழக்கம்போலத் திறந்து வைத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் வரும் பிள்ளைகள் மைதானத்தில் கூடி விளையாடக் கூடாது, நேராக வகுப்புக்குப் போக வேண்டும். பொதுக் கூட்டங்கள் இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் இன்னொரு வகுப்போடு கலக்கக் கூடாது. பாடம் தொடங்கும் முன் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். இருமல், மூக்கொழுகல், காய்ச்சல் அறிகுறி தெரிந்தால் பள்ளி மருத்துவரிடமோ நர்ஸிடமோ அனுப்புவார்.

காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சும்மா "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் கூடவே போவார். தனியாகப் படுக்க வைத்துக் கவனிக்க அந்த வீட்டில் வசதி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் மருத்துவமனைக்கு. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டையும் தேடிப் போனார்கள். ஒரு பிள்ளை வழியாக ஒரு குடும்பமே கண்ணில் பட்டது. மூடியிருந்தால் இது நடந்திருக்காது.

அஸ்திவாரம் 1902இல்

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஏற்பாட்டை 1918 செப்டம்பரில் அவசரமாகச் செய்யவில்லை. செய்திருக்கவும் முடியாது, ஏனென்றால் டாக்டர்களும் நர்ஸ்களும் ஏராளமான பேர் போருக்குப் போயிருந்தார்கள். அஸ்திவாரம் போட்டது 16 வருடங்களுக்கு முன்னால்.

நியூயார்க் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை 1897இல் தொடங்கியது. மருத்துவர் வருவார். சொறி, படர்தாமரை, பேன், கண் நோய் இருந்தால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கிவிடுவார். அவ்வளவுதான். வைத்தியம் யார் செய்வது? அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கையில் காசும் இல்லை. விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்! நோய் பரவுவதும் நிற்கவில்லை, படிப்பும் போயிற்று. தலையில் புண் இருந்ததால் பள்ளி திரும்பத் திரும்ப வெளியே அனுப்பி, 12 வயதாகியும் வாசிக்கத் தெரியாமல் நின்ற ஒரு சிறுவனைப் பற்றி லில்லியன் வால்ட் எழுதியிருக்கிறார். ஏழைகள் வாழ்ந்த பகுதியில் 'ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட்' என்ற சேவை இல்லத்தை நடத்திய நர்ஸ் இவர்.

வால்ட் நகர நிர்வாகத்திடம் ஒரு யோசனை சொன்னார். என் நர்ஸ் ஒருவரை ஒரு மாதம் தருகிறேன், பள்ளியில் வைத்துப் பாருங்கள் என்றார். 1902 அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் நான்கு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். நான்கிலும் சேர்த்து சுமார் 10,000 பிள்ளைகள். சின்னப் புண்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு வகுப்புக்கு அனுப்பினார். மாலையில் வீடு வீடாகப் போய் அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பலன் தெரிந்ததும் மேலும் நர்ஸ்களை நியமித்தார்கள். 1902 செப்டம்பரில் நோய் காரணமாகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 10,567. அடுத்த வருடம் செப்டம்பரில் 1,101.

இந்த எண்களை நான் மருத்துவக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை. இது கல்விக் கணக்கும்கூட. பத்தில் ஒன்பது பங்கு விலக்கல்கள் இல்லாமல் போயின என்றால், அத்தனை பிள்ளைகள் பாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தம்.

1908இல் நகரம் குழந்தைகள் நலனுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி பேக்கரைத் தலைவராக்கியது. அவர் 'லிட்டில் மதர்ஸ் லீக்' என்ற சங்கங்களைப் பள்ளிகளில் ஆரம்பித்தார். அம்மா வேலைக்குப் போனதால் தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த சிறுமிகளுக்குக் குழந்தை வளர்ப்பு சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளியில் கற்றதை அந்தச் சிறுமிகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இப்படிப் பல வருடம் பழகியதால்தான் 1918இல் கதவைத் தட்டிய நர்ஸைப் பார்த்து அந்தத் தெருக்கள் மிரளவில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் திறந்து வைத்ததுதான் சரியா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நியூயார்க்கின் முடிவை அப்போதே பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 1916இல் போலியோ பரவியபோது இதே நகரம் பள்ளி திறப்பைத் தள்ளிவைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

43 அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1918 செப்டம்பர் முதல் 1919 பிப்ரவரி வரை வழக்கத்தைவிட அதிகமாக நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டது. ஒரு லட்சம் பேருக்கு நியூயார்க்கில் 452, பாஸ்டனில் 710, பிலடெல்பியாவில் 748. இதைப் பார்த்தால் திறந்து வைத்ததே நல்லது என்று தோன்றும். ஆனால் பள்ளிகளைச் சீக்கிரமே மூடிய செயின்ட் லூயிஸில் 358தான். மூடாத மற்ற இரண்டு நகரங்களில் சிகாகோ 373, நியூ ஹேவன் 587. ஒரே முடிவு, மூன்று விதமான பலன். நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது, கடைகள், அலுவலகங்களின் நேரத்தை மாற்றிக் கூட்டத்தைக் குறைத்தது என்று நியூயார்க் வேறு பலவும் செய்தது. எதனால் எவ்வளவு பலன் என்று பிரிக்க முடியாது. தவிர அந்தக் காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான் அதிகம் கொன்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் ஒப்பீட்டளவில் தப்பினார்கள்.

எனவே "திறப்பதா, மூடுவதா?" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அந்தப் பள்ளிக்குள் நோய் வருவதற்கு முன்பே என்ன இருந்தது என்பதுதான் மீதிக் கேள்வி. நர்ஸும் ஜன்னலும் வீட்டு முகவரி தெரிந்த ஆசிரியரும் இருந்தால்தான் திறந்து வைப்பது ஒரு வழியாகவே ஆகும். எதுவும் இல்லாத பள்ளிக்கு மூடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மறுபடியும் அதே நகரம்

2020 மார்ச் 16 அன்று நியூயார்க் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன் மேயர் தயங்கியதற்குக் காரணம் 1918ஐ நினைவுபடுத்துகிறது. 11 லட்சம் மாணவர்கள், அவர்களில் நிலையான வீடே இல்லாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பள்ளியை மூடினால் இவர்களுக்குச் சாப்பாடு ஏது? வகுப்பு நின்ற பிறகும் பள்ளிக் கட்டடங்களில் உணவுப் பொட்டலம் வழங்கினார்கள்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் பள்ளிகளைத் திரும்பத் திறக்க முயன்றபோது ஆசிரியர்கள் கேட்டவற்றில் ஒன்று, ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் ஒரு நர்ஸ். நகரம் அப்போதுதான் அதற்கு ஒப்புக்கொண்டு ஆள் தேடியது. அமெரிக்காவில் முதன்முதலாகப் பள்ளிக்கு நர்ஸை அனுப்பிய நகரம், 118 வருடம் கழித்து "எல்லாப் பள்ளிக்கும் நர்ஸ் தருகிறோம்" என்று புதிதாக வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது!

ஆபத்து வரும்போது ஒரு பள்ளி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆபத்து இல்லாத வருடங்கள்தான் தீர்மானிக்கின்றன. லீனா ரோஜர்ஸ் 1902இல் படர்தாமரைக்கு மருந்து போட்டபோது 1918ஐ நினைத்திருக்க மாட்டார். அன்றைக்கு வகுப்புக்குப் போக வேண்டிய ஒரு பிள்ளையைத்தான் நினைத்திருப்பார். அது போதுமானதாக இருந்தது.