கருப்பையை எடுத்தால் வலி போய்விடுமா? கையொப்பம் வைக்கும் முன் அறிய வேண்டியவை

வருடக்கணக்காக அடிவயிற்று வலியோடு அலையும் பெண்ணுக்கு எங்கள் ஊர்களில் கடைசியாகக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளையள் பெற்றாச்சுத்தானே, கர்ப்பப்பையை எடுத்துப்போடுங்கோ." இதைச் சொல்பவர் சில வேளை வைத்தியர், சில வேளை மாமியார், சில வேளை அயல்வீட்டு அக்கா. வலியால் களைத்துப்போன பெண்ணும் தலையாட்டி விடுகிறாள்.

எனக்கு எண்டோமெற்றியோசிஸ் இருக்கிறது. 36 வயதில் கருப்பையை எடுக்கும்படி எனக்கும் சொல்லப்பட்டது. நான் எடுக்கவில்லை. என் சின்னம்மா எடுத்தார், அவருக்கு அது நல்ல முடிவாகவே அமைந்தது. ஒரே வலி என்று நாங்கள் இருவரும் நினைத்தது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள். அந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் முடிவெடுப்பது இலகுவாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நோய் எங்கே இருக்கிறது?

கருப்பையின் உட்சுவரில் வளரும் படலம் மாதந்தோறும் உரிந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. அதைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ, குடலின் மேலோ, சிறுநீர்ப்பையின் மேலோ, கருப்பைக்குப் பின்னாலுள்ள குழியிலோ வளர்வதுதான் எண்டோமெற்றியோசிஸ். அது அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அதேபோன்ற இழையம் கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே வளர்ந்தால் அது அடினோமயோசிஸ். சின்னம்மாவுக்கு இருந்தது இதுதான். கருப்பை பருத்து, இரத்தப்போக்கு கட்டியாகவும் கடுமையாகவும் இருக்கும்.

நீடித்த இடுப்பு வலிக்குக் கருப்பையோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி, இடுப்புத் தளத் தசைகளின் இறுக்கம், பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு, நாரிப் பகுதி நரம்புக் கோளாறு என்பன அவற்றுட் சில. ஒரே பெண்ணுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

எங்கள் பெண்களுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

இந்த நோய் கண்டறியப்படப் பல வருடங்கள் செல்வது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. எங்களுக்கு அதன் மேல் போரும் இருந்தது. இடப்பெயர்வில், பதுங்கு குழியில், முகாமில் ஒரு சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தால் அதை யார் நோயாகப் பார்த்தார்கள்? பசி என்றோம், பயம் என்றோம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காயத்துக்கே மருந்து இல்லாத இடத்தில் மாதவிடாய் வலியைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. போர் முடிந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வயிற்றில் செல் துண்டு பட்டவர்களுக்கும், அவசரச் சூழலில் வயிறு திறக்கப்பட்டவர்களுக்கும் உள்ளே ஒட்டுகள் இருக்கலாம். பாலியல் வன்முறையும் நீண்டகால மன அதிர்ச்சியும் இடுப்பு வலியோடு தொடர்புடையவை என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட விடயம். அதற்காக வலி கற்பனை என்று அர்த்தமில்லை. நீண்ட காலம் அபாயத்தில் வாழ்ந்த உடலின் நரம்புகள் வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடுகின்றன. அப்படிப் பழகிய நரம்புகளை எந்த உறுப்பை வெட்டி எடுத்தும் அமைதிப்படுத்த முடியாது.

கருப்பையை எடுப்பது எதைத் தீர்க்கும்?

அடினோமயோசிஸ் என்றால் நோய் கருப்பையிலேயே இருக்கிறது. கருப்பையோடு அதுவும் போய்விடும். எண்டோமெற்றியோசிஸ் கருப்பைக்கு வெளியே இருப்பதால், கருப்பையை மட்டும் எடுத்து, வெளியிலுள்ள படிவுகளை விட்டுவிட்டால் வலி தொடரலாம்.

1995 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், எண்டோமெற்றியோசிஸுக்காகக் கருப்பை எடுக்கப்பட்ட 138 பெண்கள் இருந்தனர். சூலகம் விடப்பட்டவர்களில் 62 வீதமானோருக்கு வலி மீண்டது. இரு சூலகங்களும் எடுக்கப்பட்டவர்களில் அது 10 வீதம். ஆனால் 2008 இல் வெளியான கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வில், சூலகத்தை வைத்துக்கொண்டு கருப்பையை எடுத்தவர்களிலும் 77 வீதமானோருக்கு ஏழு வருடங்கள்வரை மறு சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. 30 முதல் 39 வயதானவர்களில் சூலகத்தையும் எடுத்ததால் பெரிய நன்மை காணப்படவில்லை.

சூலகங்களை எடுப்பதற்கு விலை உண்டு. அன்றைக்கே மாதவிடாய் நிறுத்தம் ஆரம்பிக்கும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, யோனி வறட்சி, எலும்புத் தேய்வு, இதய நோய் அபாயம் என்பன கூடும். இளவயதில் எடுத்தவர்களுக்கு இயல்பான மாதவிடாய் நிறுத்த வயதாகிய சுமார் 50 வரை ஓமோன் மாற்றுச் சிகிச்சை வழக்கமாகத் தேவைப்படும். "சூலகத்தையும் எடுக்கப் போகிறீர்களா?" என்ற கேள்வியைக் கேட்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

மாற்று வழிகள்

*வலிநிவாரணிகள்:* மெஃபனமிக் அசிட், இபுபுரோஃபன் போன்றவை வலி உச்சத்துக்கு ஏறும் முன்பே, சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வவுனியா போன்று சிறுநீரக நோய் பரவலாக உள்ள இடங்களில் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

*ஓமோன் சிகிச்சை:* பெரும்பாலானோருக்கு இதுவே முதற்படி. கருத்தடை மாத்திரையை இடைவெளியின்றி எடுத்து மாதவிடாயை நிறுத்தி வைக்கலாம். உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி, கண்ணில் ஒளி தெறிக்கும் வகை ஒற்றைத்தலைவலி உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் வகை மருந்துகள் உண்டு: டயனோஜெஸ்ட், நோரெதிஸ்டெரோன் மாத்திரைகள், மூன்று மாத ஊசி, ஓமோன் கலந்த கருப்பை வளையம். இந்த வளையம் பல வருடங்கள் வேலை செய்யும். அடினோமயோசிஸ் இரத்தப்போக்குக்கும் அது உதவும். முதல் மாதங்களில் ஒழுங்கற்ற இரத்தக்கசிவு வரலாம். மனச்சோர்வு, எடை மாற்றம் தோன்றினால் வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம். இவற்றால் பலன் இல்லையென்றால் சூலகத்தைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் ஊசிகள் உள்ளன. அவை எலும்பைப் பலவீனப்படுத்தும் என்பதால் கால எல்லையோடுதான் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு கசப்பான நினைவையும் சொல்ல வேண்டும். 2013 இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமும் சம்மதமும் இன்றிப் பெண்களின் கையில் கருத்தடைக் குச்சி பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓமோன் என்றாலே எங்கள் பெண்கள் பின்வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் விளங்கிக் கேட்டு, விரும்பி எடுக்கும் மருந்து வேறு, சொல்லாமல் செலுத்தப்படுவது வேறு. பிள்ளை வேண்டும் என்றால் இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டுக் கருத்தரிக்க முயலலாம். மூன்று மாத ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சற்று நாள் செல்லலாம். போரில் பிள்ளையை இழந்து மீண்டும் ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் இதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

*துளையிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை:* வயிற்றில் சிறு துளைகள் வழியாகக் கமராவைச் செலுத்தி, படிவுகளையும் கட்டிகளையும் அகற்றி, கருப்பையையும் சூலகத்தையும் விட்டுவிடலாம். நோய் மீண்டும் வரக்கூடும். பின்னர் ஓமோன் மருந்தைத் தொடர்ந்தால் அந்தச் சாத்தியம் குறையும். சூலகக் கட்டியை அகற்றும்போது முட்டைகளின் கையிருப்பும் குறையலாம் என்பதைப் பிள்ளை விரும்புவோர் கேட்டறிய வேண்டும்.

*தசைப் பயிற்சியும் மன ஆதரவும்:* இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும் உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், உளவள ஆலோசனை என்பன மருந்தோடு சேரும்போது உதவும். எனக்கு வளையமும் தசைப் பயிற்சியும் சேர்ந்தே நிம்மதி தந்தன. வலி முற்றாகப் போகவில்லை. ஆனால் வேலைக்குப் போக முடிகிறது.

எல்லா மருந்தும் உதவும் என்றும் இல்லை. காரணம் கண்டறியப்படாத இடுப்பு வலிக்குக் கபபென்டின் மாத்திரையைப் பிரித்தானியாவில் 306 பெண்களிடம் சோதித்தார்கள். அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2020 இல் முடிவு வெளியானது.

எப்போது எடுப்பது சரி?

இனிப் பிள்ளை வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்திருந்து, மருந்துகளை உரிய காலம் எடுத்தும் பலனில்லாமல், ஸ்கானில் அடினோமயோசிஸ் தெரிந்தால் அல்லது இரத்தப்போக்கால் உடல் வெளுத்துப் போனால், கருப்பையை எடுப்பது தோல்வி அல்ல. அதுவும் ஒரு சிகிச்சைதான். எண்டோமெற்றியோசிஸும் இருந்தால் அதே சத்திரசிகிச்சையில் படிவுகளையும் அகற்ற வேண்டும். புற்றுநோய் சந்தேகம் என்றால் கணக்கே வேறு. அங்கே தாமதிக்கக் கூடாது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. என் வலிக்குக் காரணம் என்ன? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?
2. நான் இன்னும் முயலாத மருந்து எது?
3. கருப்பையை மட்டுமா, சூலகத்தையுமா எடுப்பீர்கள்? ஏன்?
4. வெளியிலுள்ள படிவுகளையும் அகற்றுவீர்களா?
5. எடுத்த பின்னும் வலி இருந்தால் அடுத்தது என்ன?
6. முடிவெடுக்க எனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?

ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. மூன்று மாதங்களுக்கு வலி வந்த நாள், கடுமை, மாதவிடாய், மலசலம், உறவின்போது வலி என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் உங்கள் மொழி பேசாதவர் என்றால், தமிழ் தெரிந்த தாதியரை வைத்து விளக்கும்படி கேளுங்கள்.

சனல் செய்யக் காசில்லை என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொன்னால் அரச வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு வழிகாட்டுவார்கள். அங்கே சிகிச்சை இலவசம். இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

மாதவிடாய் நின்ற பின் இரத்தம் கண்டால், காய்ச்சலோடு கடும் வலி வந்தால், மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் திடீரென ஒரு பக்கம் வலித்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எங்கள் பெண்களிடமிருந்து கேட்காமல் எடுக்கப்பட்டவை ஏராளம். வைத்துக்கொள்வதோ எடுப்பதோ, கருப்பை பற்றிய முடிவு விளங்கிக்கொண்ட பெண்ணின் முடிவாக இருக்கட்டும்.